பூச்சுக்கு உள்ளே

2021இல் காலி வீதியில் பேருந்தொன்று மோதி எனது காரின் முன்பக்கம் நசுங்கியது. 2020 மார்ச்சிலேயே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால், விலைகள் எட்டாத உயரத்துக்குப் போயிருந்தன, திருத்துவதே வழி.

முதல் கராஜில் வர்ண அட்டையைக் காட்டி, ஒரு வாரத்தில் புதிதாக்கித் தருவதாகக் கூறினர். இரண்டாவதில் முதிய பாஸ் ஒருவர் ரோச் லைற்றுடன் காரின் அடியில் படுத்துப் பார்த்தார். "சேஸிஸ் வளைந்திருக்கிறது மாத்தயா. மூன்று வாரம் வேண்டும். பெயின்ற் அடிக்கமுன் வந்து பாருங்கள்" என்றார்.

தலைப்பை அழகாக்கிச் செய்தியைப் பிழையாக விட்ட பக்கங்கள் பலவற்றைக் கண்டவன் நான். காரை அவரிடமே ஒப்படைத்தேன்.

இன்று அந்தக் காரில்தான் என் பேத்தி பாடசாலை செல்கிறாள்.