டியூ டு

துவாஸில் ஒரு ஷிப்யார்டில் விபத்து அறிக்கை எழுதுவதும் என் வேலை. எங்கள் படிவத்தில் 'டியூ டு' என்று அச்சடித்து, பக்கத்தில் ஒரே ஒரு கோடு. அதில் பெரும்பாலும் தொழிலாளியின் கவனக்குறைவுதான் வந்து உட்காரும்.

ஓயிங் டு, பிகாஸ் ஆஃப், எதைப் போட்டாலும் பொருள் ஏறக்குறைய ஒன்றுதான். தேங்ஸ் டு மட்டும் தனி ரகம்; நம்ம ஊர் 'உன் புண்ணியத்துல' மாதிரி, நன்றிக்கும் ஆகும், குத்தலுக்கும் ஆகும். இவை எல்லாமே பின்னால் பெயர்ச்சொல்லைக் கேட்பவை. வெறும் பிகாஸ் அப்படியில்லை, முழு வாக்கியத்தையே வாங்கிக்கொள்ளும். யார், எப்போது, என்ன செய்தார் எல்லாம் உள்ளே வரும். தமிழிலும் 'கவனக்குறைவால்' என்று ஒரு 'ஆல்' போட்டால் கதை முடிந்தது. 'லைட்டு எரியல, ஏணி ஈரமா இருந்துச்சு, அதனால வழுக்கிட்டான்' என்றால்தான் நடந்தது தெரிகிறது.

2021 பிப்ரவரி 24 அன்று இதே துவாஸில் நடந்த வெடிவிபத்தில் மூன்று பேர் இறந்தார்கள். கலவை இயந்திரத்தின் எண்ணெய் உறை அழுத்தம் தாங்காமல் வெடித்தது. பிறகு உருளைக்கிழங்கு மாவுத் தூள் பற்றிக்கொண்டது. விசாரணைக் குழு நாள்கணக்கில் உட்கார்ந்து கேட்டது. அதை எந்தக் கோட்டில் எழுதுவது?

போன மாதம் ஏணியிலிருந்து விழுந்த தம்பிக்கு, டியூ டுவை அடித்துவிட்டு பிகாஸ் போட்டு, தாளின் பின்பக்கம் வரை எழுதினேன். "ஷார்ட்டா எழுதுங்க" என்று திரும்பி வந்தது. அப்படியே மறுபடி அனுப்பினேன்.

தம்பி கேட்டான், "அண்ணே, லைட்டு எரியாததையும் எழுதிட்டீங்கல்ல?"

"முதல் வரியே அதான்டா."