ஈகைக்கும் ஈடு கேட்டேன்

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், ஏழைக் குடும்பங்களுக்குத் தீபாவளிப் புத்தாடை வழங்கும் எங்கள் கோயில் அன்பர் குழுவில், விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் பொறுப்பை ஏற்றேன். பழகிய வழக்கப்படி, குடும்ப அட்டை நகலுடன் வட்டாட்சியர் வழங்கும் வருமானச் சான்றிதழையும் கேட்டேன்.

சன்னதித் தெருவில் பூக்கட்டி விற்கும் அம்மையார் ஒருவர் படிவத்தைத் திருப்பித் தந்தார். "இதுக்கு ரெண்டு நாள் அலைஞ்சா பூ வியாபாரம் போயிடும் சாமி. அப்புறம் அடுப்பு எரியாது" என்றார்.

தீபாவளியன்று அவருடைய மகன் பழைய சட்டையுடன் பிரசாதத்திற்குக் கைநீட்டி நின்றான். அவன் முகத்தை என்னால் ஏறிட்டுப் பார்க்க இயலவில்லை. கடனுக்கு ஈடு கேட்பது முறை. ஈகைக்கும் கேட்டது என் பிழை.

மறு ஆண்டுப் படிவத்தில் இரண்டே கேள்விகள்: பிள்ளைகள் எத்தனை பேர்? வயது என்ன? முதல் படிவத்துடன் அந்தப் பூக்கடைக்கு நானே சென்றேன். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.