சின்னக் கணப்பு

2023ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், கனடாவின் மொன்றியல் நகரில் உறைமழை பெய்தது. மரக்கிளைகளிலும் மின்கம்பிகளிலும் விழுந்த மழைத்துளிகள் உடனுக்குடன் பனிக்கட்டியாகிப் படிந்தன. பாரம் தாங்காத கிளைகள் முறிந்து கம்பிகளின்மீது விழுந்தன. கியூபெக் மாநிலத்தில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன.

அந்நகரின் ஒரு வீட்டில், எழுபது வயதை நெருங்கும் தம்பதியர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அமர்ந்திருந்தனர். 1980களில் யாழ்ப்பாணத்திலிருந்து அங்குக் குடியேறியவர்கள் அவர்கள். கியூபெக்கின் பெரும்பாலான வீடுகளைப் போலவே அவர்களின் வீடும் மின்சாரத்தால்தான் சூடாக்கப்படுகிறது. மின்சாரம் போனால் விளக்கு மட்டுமா அணைகிறது? வீட்டின் வெப்பமும் மெல்ல மெல்ல வெளியேறிவிடுகிறது. இரண்டாம் இரவில் வீட்டுக்குள் வெப்பநிலை 12 பாகை செல்சியசாகக் குறைந்தது. ஏப்ரல் மாதத்திலேயே இந்த நிலை என்றால், கடுங்குளிர் காலத்தில் என்ன ஆகும்?

அதற்கான விடை அவர்களுக்குத் தெரியும். 1998 ஜனவரியில் அடுத்தடுத்துப் பெய்த உறைமழையில் மின்கோபுரங்களே சரிந்தன. மொன்றியலுக்குத் தெற்கே சில ஊர்களில் ஒரு மாதம் கடந்த பின்னரே மின்சாரம் திரும்பியது. அப்போது இத்தம்பதியர் தம் கைக்குழந்தையுடன் ஒரு தற்காலிக முகாமில் தங்கினர். குளிர் தாங்காமல், வீட்டுக்குள் பொருந்தாத கருவிகளை மூட்டிச் சிலர் கார்பன் மோனாக்சைடு நச்சுவாயுவால் உயிரிழந்ததையும் அவர்கள் கேள்விப்பட்டனர்.

“இனிக் கரண்டை மட்டும் நம்பியிருக்க ஏலாது. ஒரு விறகுக் கணப்பு வாங்குவம்,” என்றார் கணவர்.

எதை வாங்குவது? வீட்டுக் கூடத்தில் செங்கல்லால் கட்டிய பழைய திறந்த கணப்பு ஒன்று இருந்தது. அதில் நெருப்பு அழகாக எரியும். ஆனால், அறையின் சூடான காற்றையும் புகைப்போக்கி வழியே இழுத்து வெளியே அனுப்பிவிடும். மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளை எரிக்கும் நவீன கணப்பு தூய்மையானதுதான். எனினும், குச்சிகளைத் தள்ளும் பொறியும் காற்றாடியும் இயங்கப் பொதுவாக மின்சாரம் தேவை. மின்சாரம் இல்லாத நாளுக்காக வாங்கும் கருவி மின்சாரத்தை எதிர்பார்த்தால் என்ன பயன்? ஆகவே, கதவுடன் கூடிய இரும்பு விறகுக் கணப்பே மிஞ்சியது.

கடையில் கணவரின் கண்கள் மிகப் பெரிய கணப்பின்மீது பதிந்தன. “இதை எடுத்தால் வீடு முழுக்கச் சூடாகும்,” என்றார்.

கடை ஊழியரோ, “எந்த அறையைச் சூடாக்கப் போகிறீர்கள்?” என்று கேட்டார். கூடம் மட்டும் என்றதும் அவர் விளக்கினார். பெரிய கணப்பைச் சிறிய அறையில் முழுவீச்சில் எரித்தால் வெப்பம் தாங்காது. உடனே காற்று வரும் வழியைக் குறைப்போம். காற்று போதாத நெருப்பு எரியாது, புழுங்கும். புழுங்கும் விறகு புகையைக் கக்கும். புகைப்போக்கிக்குள் எளிதில் தீப்பற்றும் கரியும் பிசினும் படியும். சிறிய கணப்பிலோ நெருப்பு கொழுந்துவிட்டு எரியும், புகை குறையும்.

அதுவரை பேசாதிருந்த மனைவி வாய் திறந்தார். “இஞ்சருங்கோ, எங்கட அம்மா ஈர விறகை ஊதி ஊதித்தான் அந்த இருமலைத் தேடிக்கொண்டவ. அந்தப் புகை எங்களுக்கும் வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் வேண்டாம்.”

பக்கத்து வீட்டுச் சிறுவனுக்கு ஆஸ்துமா இருந்தது. மொன்றியலின் குளிர்காலப் புகைமூட்டத்துக்கு வீடுகளில் எரியும் விறகும் ஒரு முக்கியக் காரணம். ஆகவே, மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் நுண்துகளை வெளியிடும் விறகுக் கணப்புகளை 2018 அக்டோபர் முதல் அந்நகராட்சி தடை செய்துள்ளது. மின்தடை மூன்று மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் மட்டும் பழையவற்றையும் பயன்படுத்தலாம்.

“அப்ப, கரண்ட் போற நேரத்துக்குப் பழையதே போதுமே. சட்டம் விடுதுதானே?” என்றார் கணவர்.

“சட்டம் விடும். அந்தப் பிள்ளையின்ர நெஞ்சு விடுமோ?” என்று கேட்டார் மனைவி.

கணவர் மறுமொழி பேசவில்லை. நகராட்சியின் வரம்புக்குள் அடங்கும் ஒரு சிறிய கணப்பையே இருவரும் தேர்ந்தெடுத்தனர்.

வாங்கியதுடன் வேலை முடிந்துவிடவில்லை. தகுதி பெற்ற பணியாளர் அதனைச் சுவரிலிருந்து உரிய இடைவெளி விட்டுப் பொருத்தினார். காப்புறுதி நிறுவனத்துக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டது. பிளந்த மேப்பிள் விறகு, மழை படாமல் மேலே மூடியும் காற்றுப் புகப் பக்கங்கள் திறந்தும் அடுக்கப்பட்டது. ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் குறைந்தால்தான் விறகு நன்றாக எரியும். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டி, ‘கணீர்’ என்ற ஒலி கேட்கிறதா என்று மனைவி சோதித்தார். அது தாயின் அடுப்படியில் கற்ற பாடம். புகை எச்சரிப்பானுடன் கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பானும் மாட்டப்பட்டது. ஆண்டுதோறும் புகைப்போக்கியைச் சுத்தம் செய்யவும் ஏற்பாடாயிற்று.

நவம்பர் மாத மாலை ஒன்றில் முதன்முறையாகக் கணப்பை மூட்டினர். கணவர் கண்ணாடிக் கதவருகே அமர்ந்து கைகளைக் காய்ச்சினார். மனைவியோ குளிரங்கியை மாட்டிக்கொண்டு வெளியே சென்றார். சாலையோரத்தில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தார். தொடக்கத்தில் சற்றே எழுந்த புகை சிறிது நேரத்தில் மறைந்தது. புகைப்போக்கிக்கு மேலே காற்று மட்டும் நெளிந்தது.

அவர் நேராக அண்டை வீட்டுக் கதவைத் தட்டினார். இனி மின்சாரம் போனால் பிள்ளையை அழைத்துக்கொண்டு தம் வீட்டுக்கு வந்துவிடுமாறு சொன்னார். திரும்பி வந்ததும் கூடத்தில் எத்தனை மெத்தைகளை விரிக்கலாம் என்று காலடியால் அளந்தார்.

“ஆறு பேர் படுக்கலாம்,” என்றார்.

சின்னக் கணப்பு சூடாக்குவது ஓர் அறையைத்தான். இரண்டு குடும்பங்களுக்கு அந்த ஓர் அறை போதுமானதாக இருந்தது.