பூட்டிய கோயில்

எம் தமையனாரின் மகன் குருவானவர். ஜெர்மனியின் மேற்கெல்லையில், ஆகன் மறைமாவட்டத்தில் பணிபுரிகிறார். 2023-ஆம் ஆண்டுக் கோடையில் அவரைக் காணச் சென்றிருந்தோம். "சித்தப்பா, பூட்டிய கோயிலொன்றைக் காட்டுகிறேன், வாருங்கள்" என்று கையன்பெர்க் என்னும் சிற்றூருக்கு அழைத்துச் சென்றார்.

வழிநெடுக வளமான கரிசல் நிகர்த்த மண். கோதுமையும், சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கும் விளைந்து நின்றன. திடீரென வயல் முடிந்தது. எதிரே கார்ஸ்வைலர் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம்! நெய்வேலியைக் கண்ட வாசகர்களுக்கு அதனை விவரிக்க வேண்டுவதில்லை. நெய்வேலியில் மண் அள்ளும் இராட்சதச் சக்கர இயந்திரங்களும் ஜெர்மனி தந்தவையே.

அயலூரான இம்மராத்தில் 1891-இல் கட்டி முடிக்கப்பெற்ற புனித லம்பெர்த்து ஆலயம் இரட்டைக் கோபுரங்களோடு நின்றது. சிற்றூர்க் கோயிலேயாயினும் மக்கள் அதனைப் பேராலயம் என்றே அழைத்தனர். 2013-இல் அங்கு இறுதித் திருப்பலி நிறைவேறியது. 2018 ஜனவரியில் கோயிலை இடித்துவிட்டனர். கல்லறைகளையும் தோண்டி, இறந்தோரைப் புதிய ஊருக்கு எடுத்துச் சென்றனராம். இதைக் கேட்டபின் சற்று நேரம் எமக்குப் பேச்செழவில்லை. ஆயினும் யாரைக் குறை கூறுவது? நாமும் நெய்வேலி தந்த வெளிச்சத்தில் படித்தவர்களே.

கையன்பெர்க்கின் கதை வேறு. இவ்வூராருள் பெரும்பாலோர் வீடுகளைக் கொடுத்துவிட்டு, எர்க்கலென்ஸ் நகரையடுத்த புதிய குடியிருப்புக்குப் பெயர்ந்துவிட்டனர். 2021 நவம்பரில் திருச்சிலுவை ஆலயமும் வழிபாட்டிலிருந்து விலக்கப்பட்டது. மறு ஆண்டு அக்டோபரில், இப்பகுதியில் நிலக்கரி மின்சாரத்தை 2030-லேயே நிறுத்துவதென அரசும் மின் நிறுவனமும் உடன்பட்டன. கையன்பெர்க்கோடு ஐந்து ஊர்கள் இடிபடாமல் தப்பின. ஓராண்டுகூட இடைவெளியில்லை!

கோயில் வாசலில் மூதாட்டி ஒருவர் படியிடுக்கில் முளைத்த புல்லைக் களைந்துகொண்டிருந்தார். புதிய ஊரிலிருந்து வந்தவர். "ஊர்தான் பிழைத்துவிட்டதே, திரும்பி வரலாமே அம்மா?" என்றோம். குருவானவர் மொழிபெயர்த்தார்.

"என் அண்டை வீட்டார் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். இங்கு வந்து சுவர்களோடா பேசுவேன்?" என்றார் அவர். பின்னர், "புல்லை மட்டும் விடக்கூடாது" என்று மீண்டும் குனிந்தார்.

புறப்படும்போது குருவானவர் பூட்டிய கதவை நோக்கித் தம்மையறியாமல் சிலுவை அடையாளம் வரைந்தார். "பழக்கம், சித்தப்பா; இது இப்போது கோயில் அல்லவே" என்று எம்மிடம் மெல்லச் சொன்னார். நாம் திரும்பிப் பார்த்தோம். அம்மூதாட்டியும் மண் படிந்த கையால் நெற்றியில் தொடங்கியிருந்தார்.