கரும்புத் தொட்டில்

திருவண்ணாமலையில் தீபத் திருவிழாவின்போது கரும்புத் தொட்டிலைப் பார்த்திருப்பீர்கள். வேண்டிக்கொண்டு பிள்ளை பெற்றவர்கள், கரும்புகளைச் சேர்த்துப் புடவையைத் தூளியாகக் கட்டிக் குழந்தையைக் கிடத்தி, தகப்பன் ஒரு பக்கமும் தாய் ஒரு பக்கமுமாகத் தோளில் தூக்கி மாட வீதியைச் சுற்றுவார்கள். மேளமும் ‘அரோகரா’வும் காதைப் பிளக்கும்; உள்ளே இருக்கும் ஆசாமியோ சுகமாகத் தூங்குவார். வீட்டில் பாயில் கிடத்தினால்தான் வீல் என்று அலறல்!

“கண் திருஷ்டி”, “தாய்ப்பாலில் கோளாறு” என்பார்கள் வந்து போகிறவர்கள். எங்கள் பெண் பிறந்தபோது, தூக்கமில்லாமல் துவண்டு கிடந்த என் மனைவி இதையும் கேட்டுக்கொண்டு கண்ணீர் விட்டாள். அநியாயம். பிறந்த குழந்தைக்கு ராத்திரி ஏது, பகல் ஏது? இரண்டு மூன்று மணிக்கொரு தரம் பசிக்கும். உடம்புக்குள் ஓடும் கடிகாரம் ஒரு ஒழுங்குக்கு வரவே மூன்று மாதம் போலாகும்.

அசைவுதான் மருந்து. 2022-ல் ஜப்பானின் ரிக்கேன் ஆய்வு நிலையத்தார் 21 குழந்தைகளைக் கவனித்துச் சொன்னார்கள்: அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு 5 நிமிஷம் நடக்க வேண்டும், தூங்கியதும் உடனே கிடத்தாமல் 5 முதல் 8 நிமிஷம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

நடப்பதற்குத் தாய்தான் வேண்டுமென்பதில்லையே! நள்ளிரவு நடை என் பங்காயிற்று. பௌர்ணமியன்று தெருவில் கிரிவலக் கூட்டம் போய்க்கொண்டிருக்கும். அவர்களுக்கு 14 கிலோமீட்டர். எனக்கு எங்கள் வீட்டுக் கூடம்.