சொன்ன நோக்கம்

அவர் என் அலுவலகத்துக்கு வந்தபோது கையில் மூன்று தாள்கள் இருந்தன. ஒன்று ஒரு வண்டியின் விற்பனை ரசீது. இன்னொன்று ஒரு படகைத் தயாரித்தவர்களின் கையேடு. மூன்றாவது ஒரு பொது எடை மேடையில் கொடுத்த சீட்டு. மூன்றிலும் எடைகள் அச்சாகியிருந்தன. எந்த இரண்டும் ஒத்துப்போகவில்லை. மெல்பர்னில் நான் வழக்கறிஞராக இருந்த காலத்தில் அவருடைய வழக்கைவிடப் பெரிய தொகைக்கு எத்தனையோ வழக்குகள் நடத்தியிருக்கிறேன். ஆனாலும் யாராவது புது வண்டி வாங்கப் போகிறேன் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த மூன்று தாள்கள்தான். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை இங்கே மாற்றியிருக்கிறேன்.

அவர் யாழ்ப்பாணத்து மயிலிட்டிக்காரர். 1990இல் போரால் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தபோது கடற்கரையை விட்டு வந்த குடும்பம். மெல்பர்னில் பல ஆண்டுகள் பேருந்து ஓட்டினார். பிள்ளைகள் படித்து முடித்ததும் சேமிப்பில் ஒரு பகுதியை எடுத்து, இரட்டை எஞ்சின் பூட்டிய கண்ணாடியிழைப் படகு ஒன்றை வாங்கினார். அதை இழுக்க ஒரு வண்டி வேண்டும். பிக்கப் வண்டியை ஆஸ்திரேலியாவில் யூட் என்பார்கள்; நான்கு கதவும் பின்னால் சரக்குத் தட்டும் கொண்ட புது யூட் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்தது, இழுவைத் திறன் 3,500 கிலோ என்று. அதற்குமேல் என்ன பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

முதல் நீண்ட பயணம் லேக்ஸ் என்ட்ரன்ஸுக்கு. மெல்பர்னிலிருந்து 320 கிலோமீட்டர் கிழக்கே. ஒரு இறக்கத்தில் டிரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கி, யூட்டின் பின்பக்கத்தையும் சேர்த்து ஆட்டியது. முப்பது ஆண்டு ஓட்டுநர் என்பதால் பதறி பிரேக்கை மிதிக்காமல் வேகத்தை மெல்லக் குறைத்து ஓரம் கட்டிவிட்டார். யாருக்கும் காயமில்லை. ஆனால் அவர் மனைவி அந்தப் படகு பூட்டிய வண்டியில் அதன் பிறகு ஏறவே இல்லை. மறு வாரம் அவர் எல்லாவற்றையும் எடை மேடையில் ஏற்றினார்.

படகுக் கையேடு சொன்ன எடை 1,650 கிலோ. அது வெறும் உடலின் எடை. எஞ்சின்கள் இரண்டும் 460 கிலோ, 300 லிட்டர் பெட்ரோல் 220 கிலோ, டிரெய்லர் 750 கிலோ, நங்கூரம், மின்கலம், ஐஸ், பாதுகாப்புப் பொருட்கள் என்று இன்னொரு 180 கிலோ. எடை மேடை காட்டியது 3,260. விற்பனையாளர் படகின் எடையைக் கேட்டபோது இவர் உடலையும் டிரெய்லரையும் மட்டும் கூட்டி 2,400 என்று சொல்லியிருந்தார். அந்த எண் விற்பனைப் படிவத்தில் ஏறியது. வழக்கின் பாதிச் சிக்கல் அந்த ஒரு எண்ணில்தான் இருந்தது.

அப்படியானாலும் 3,260 என்பது 3,500க்குக் குறைவுதானே என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் விளம்பர எண்ணுக்குப் பின்னால் இன்னும் இரண்டு வரம்புகள் இருக்கின்றன: யூட் மட்டும் எவ்வளவு எடையைத் தாங்கலாம், யூட்டும் டிரெய்லரும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம். இந்த யூட்டுக்கு முதலாவது 3,100 கிலோ, இரண்டாவது 5,950. வெறும் யூட் 2,250. முன்பக்க இரும்புத் தடுப்பு, பின்பக்கக் கூடு, டிரெய்லரை மாட்டும் டோ பார், நான்கு பேர், குளிர்பெட்டி, சாமான்கள் எல்லாம் ஏறியதும் அது 2,880 ஆனது. படகோடு கூட்டினால் 6,140. வரம்பைவிட 190 கிலோ அதிகம். 3,500 கிலோ இழுக்கும் என்ற வாக்கு பொய்யில்லை. அந்த எடையை இழுக்கும்போது யூட்டில் ஆளுக்கும் சாமானுக்கும் சேர்த்து 200 கிலோதான் மிச்சம் என்பது மட்டும் விளம்பரத்தில் இல்லை.

ஆட்டத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு அது புதிதில்லை. முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே எழும்பும். எஞ்சின்கள் இரண்டும் படகின் பின்முனையில் தொங்கியதால் டோ பாரில் விழுந்த பாரம் 140 கிலோதான். டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி அங்கே விழ வேண்டும் என்பது பொது வழக்கு. படகுகளுக்குக் கொஞ்சம் குறையலாம், இவ்வளவு குறையக் கூடாது. படகை டிரெய்லரில் முன்னே நகர்த்தி 300 கிலோ விழச் செய்தால் ஆட்டம் நிற்கும். ஆனால் யூட்டின் பாரம் 3,180 ஆகி அதன் சொந்த வரம்பு உடையும். அதாவது, எப்படி அடுக்கினாலும் இந்தக் குடும்பம் இந்தப் படகோடு இந்த யூட்டில் சட்டப்படி போக வழியில்லை. சட்டத்தின் பார்வையில் அது முக்கியம். எளிதில் சரிசெய்யக்கூடிய குறை என்றால் கடைக்காரர் சரிசெய்து கொடுத்தால் போதும். சரிசெய்ய முடியாதது என்றால் பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம்.

2011இல் நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின் 55ஆம் பிரிவு சொல்வது இதுதான்: எந்த நோக்கத்துக்காக வாங்குகிறேன் என்று வாங்குபவர் விற்பவரிடம் தெரிவித்திருந்தால், பொருள் அந்த நோக்கத்துக்குப் பொருந்த வேண்டும். இந்த நியாயம் புதிதன்று. இலங்கையின் 1896ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இந்தியாவின் 1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவிலும் இதே வேர்தான். 1925இல் இங்கிலாந்தில் ஒருவர், சுற்றுலாப் பயணத்துக்கு வசதியான கார் வேண்டும் என்று கேட்டு, விற்பவர் பரிந்துரைத்த புகாட்டி காரை வாங்கினார். அது அதற்கு உதவவில்லை. புகாட்டி என்று பெயர் சொல்லித்தானே வாங்கினாய் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. பெயரைச் சொன்னாலும் நம்பியது விற்பவரின் அறிவைத்தான் என்றது.

விற்பனையகத்தின் முதல் வாதம் அந்த 2,400. ‘நீங்கள் சொன்ன எடைக்கு யூட் தாராளமாகப் போதும், சொல்லாத எடைக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு?’ நியாயமாகத்தான் ஒலித்தது. அதற்கு எங்களிடம் இருந்த பதில் ஒரு கைபேசிப் படம். வாங்குவதற்கு நான்கு நாள் முன்பு அவர் விற்பனையாளருக்கு அனுப்பியது. படகு டிரெய்லரில் நிற்கிறது, இரண்டு எஞ்சின்களும் தெரிகின்றன, டிரெய்லரின் தகட்டில் அதிகபட்ச எடை 3,500 கிலோ என்று பொறித்திருக்கிறது. “தம்பி, நான் போட்டின்ர படத்தைக் காட்டித்தானே வாங்கினனான். ஒண்டும் யோசியாதேங்கோ எண்டவன்” என்றார் அவர். என் வாதம் இதுதான்: அவர் சொன்ன நோக்கம் ஒரு எண்ணை இழுப்பது அல்ல, இந்தப் படகை இழுப்பது. போதாததற்கு, அந்த இரும்புத் தடுப்பையும் பின்பக்கக் கூட்டையும் பூட்டிக் கொடுத்ததும் அதே விற்பனையகம். ஒரே ரசீதில் இருந்தது. எடையைக் கூட்டியவருக்கே எடை தெரியாது என்று சொல்ல முடியாது.

இரண்டாவது வாதம் அவருடைய கையெழுத்து. ‘இழுவை எடை குறித்து நானே சரிபார்த்துக்கொண்டேன்’ என்று படிவத்தின் அடியில் ஒரு வரி. நுகர்வோரின் உத்தரவாதத்தை ஒப்பந்தத்தால் பறிக்க முடியாது. 64ஆம் பிரிவு அதைச் செல்லாததாக்குகிறது. ஆனால் அதே சட்டம், விற்பவரின் அறிவை வாங்குபவர் நம்பவில்லை என்றால், அல்லது நம்பியது நியாயமில்லை என்றால், உத்தரவாதம் கிடையாது என்றும் சொல்கிறது. வாசல் வழியாக நுழைய முடியாத அந்த வரி இப்படித்தான் கொல்லை வழியாக நுழைகிறது: உரிமையைப் பறிக்கும் ஒப்பந்தமாக அது செல்லாது, அவர் நம்பவில்லை என்பதற்குச் சாட்சியாக அது செல்லும். பதினோரு இடத்தில் கையெழுத்துக் கேட்ட ஒரு பிற்பகலில் அவர் எதை வாசித்தார் என்று இரு தரப்புக்கும் தெரியும். தெரிந்தாலும் வாதம் வாதம்தான்.

மூன்றாவது வாதம் அவரைப் புண்படுத்தியது. பல ஆண்டு பேருந்து ஓட்டியவருக்கு எடைக் கணக்கு தெரியாதா என்று கேட்டார்கள். பேருந்து ஓட்டுநர் பேருந்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. நிறுவனம் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதை ஓட்டுகிறார். வண்டியைத் தெரிவுசெய்வதும் வண்டியை ஓட்டுவதும் இருவேறு அறிவுகள். இருபது நொடி ஆட்டத்திலிருந்து குடும்பத்தைக் காப்பாற்றிய அவருடைய திறமையே அவருக்கு எதிரான சாட்சியாக நின்றதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது.

விக்டோரியா மாநிலத் தீர்ப்பாயத்தில் பொதுவாக வழக்கறிஞர் தோன்ற அனுமதி வேண்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞரோடு வந்ததால் எனக்கும் கிடைத்தது. அங்கே வென்றாலும் தோற்றாலும் அவரவர் செலவு பெரும்பாலும் அவரவருக்கே. ஏழைக்கு அது பாதுகாப்பு. தோற்றால் மறுதரப்பின் செலவு தலையில் விழாது. அதுவே அவருக்கு எதிராகவும் திரும்பியது. பொறியாளரின் அறிக்கையும் என் கட்டணமும் வென்ற பணத்திலிருந்துதான் போக வேண்டும். சமரசக் கூட்டத்தில் எதிர்த்தரப்பு யூட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு விலையில் ஐந்தில் நான்கு பங்கு தருவதாகச் சொன்னது. பூட்டிய சாமான்களுக்கு ஒன்றுமில்லை. ஏற்கச் சொன்னேன். அந்தப் படம் இருக்கும்போது முழுதாக வென்றிருப்போம் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் வெற்றிக்கான செலவு அந்த ஐந்தில் ஒரு பங்கைத் தின்றிருக்கும். கணக்கு சரி, அறிவுரையும் சரி.

உடன்படிக்கையில் வழக்கமான வரி ஒன்று இருந்தது: பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல் இந்தத் தொகை தரப்படுகிறது. அதை விளக்கிச் சொன்னபோது அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார். “அப்ப பிழை ஆரில, தம்பி?”

“இதில கையெழுத்து வைச்சா அந்தக் கேள்வி முடிஞ்சுது அண்ணை” என்றேன். அவர் கையெழுத்திட்டார். அவர் தேடி வந்தது பணத்தை மட்டுமில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மனைவி அஞ்சியதற்குத் தான் காரணமில்லை என்று யாராவது ஒரு வரி எழுதித் தர வேண்டும் என்று வந்தவர் அவர். நான் வாங்கிக் கொடுத்த தாளில் அந்த ஒரு வரிதான் இல்லை.

அடுத்த ஆண்டு அவர் பெரிய படகை விற்றுவிட்டார். 4,500 கிலோ இழுக்கும் அமெரிக்க வண்டிகள் இங்கே கிடைக்கும். விலை ஒரு லட்சம் டாலருக்கு மேல். அதற்குப் பதிலாக ஒற்றை எஞ்சின் அலுமினியப் படகு ஒன்றைப் பார்த்தார். எரிபொருள் நிரப்பி, சாமான் ஏற்றி, டிரெய்லரோடு எடை மேடையில் நிறுத்தி, அந்தச் சீட்டை எனக்கு அனுப்பினார். 1,480 கிலோ. வண்டியைத் தேடப் போவது இனிமேல்தான் என்றார்.

அன்று சொல்லாத பதிலை இன்று சொல்கிறேன், அண்ணை. படகைக் காட்டிக் கேட்டீர்கள். கேட்கப்பட்டவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். பிழை உங்களில் இல்லை.