தறி ஊர் மருதமுனை

பொத்துவிலில் இருந்து மட்டக்களப்புக்குப் போகும் ஏ4 வீதியில், எந்த ஊர் எங்கே முடிகிறது என்று பஸ்ஸில் இருப்பவருக்குப் பிடிபடாது. நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனைக்குடி, கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை என மதிலோடு மதில் ஒட்டியே கிடக்கும். மினாரா மறைந்தால் கோபுரம், கோபுரம் மறைந்தால் மறுபடி மினாரா. சாய்ந்தமருதிலிருந்து வடக்கே உள்ளவற்றைக் கல்முனை மாநகர சபைக்குள் சேர்த்துவிட்டார்கள். அதை ஊர்க்காரரிடம் சொல்லிப் பாருங்கள்! மருதமுனையான் மருதமுனையான்தான்.

அறுகம்பைக்கு அலைச்சறுக்க வரும் வெள்ளைக்காரர் இந்தப் பக்கம் வருவது குறைவு. இங்கே பார்க்க என்ன இருக்கு என்று உள்ளூர்க்காரரே கேட்பார்கள். என்னைக் கேட்டால், மருதமுனையில் தறி இருக்கிறது.

மருதமுனைச் சாறன் என்றால் இலங்கை முழுக்கத் தெரியும். 1970களின் முற்பாதியில் வெளிநாட்டுத் துணிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்ததால் உள்நாட்டு நெசவுக்கு நல்ல கிராக்கி. பாவு ஓடுவதும், நூலுக்குச் சாயம் போடுவதும், ஊடைக்கு நூல் சுற்றுவதும் வீட்டு வேலையோடு வேலையாக நடந்தன. பெண்களும் பிள்ளைகளும் கை கொடுத்தார்கள். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. மலிவுத் துணி கப்பல் கப்பலாக இறங்க, கைத்தறி தளர்ந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்து மிச்சத்திலும் பெரும் பங்கை அள்ளிப் போனது. வீட்டுக்குள்ளேயே தறி வைத்திருந்தவர்களுக்கு வீடும் தொழிலும் ஒரே காலையில் போயின.

ஒரே தொழிலை நம்பிய ஊர்கள் பல இப்படித்தான். கோலார் தங்கவயலில் 2001இல் சுரங்கத்தை மூடியதும் அங்கிருந்த தமிழர்கள் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். நம் ஆட்கள் கட்டாருக்கும் சவூதிக்கும் விமானம் ஏறினார்கள். ஆனால் தங்கம் தோண்டத் தோண்டக் குறையும், ஆழம் கூடக் கூடச் செலவும் ஏறும். தறிக்கு அந்த விதி இல்லை. நூல் கிடைத்தால், மிதிக்க ஆள் இருந்தால், நின்ற தறி நாளைக்கே ஓடும். அதனால்தான் இந்த ஊரில் இன்னும் சில ஒழுங்கைகளில் சத்தம் கேட்கிறது. வாசலில் நின்று ஸலாம் சொன்னால், "உள்ளுக்கு வாங்க மகன்" என்று கூப்பிட்டுத் தேத்தண்ணியும் தருவார்கள்.

நெசவுக்கு அடுத்தபடியாக இந்த ஊர் பெயர் வாங்கியது எழுத்தில். புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீனும் சிறுகதைக்காரர் மருதூர்க்கொத்தனும் இந்த மண். கவிஞரும் விமர்சகருமான எம். ஏ. நுஃமான் பக்கத்துக் கல்முனைக்குடிக்காரர். இவர்களுக்கு இங்கே ஒரு நல்ல காட்சிக்கூடம் இல்லாதது எனக்குக் குறையாகவே படுகிறது. தெற்கே காரைதீவில், சுவாமி விபுலானந்தர் 1892இல் பிறந்த இடத்தில் மணிமண்டபம் இருக்கிறது. அதைப் பார்த்தாவது யோசிக்கலாம்.

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியைத் தவறவிட வேண்டாம். நாகூர் ஷாகுல் ஹமீது வலியின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்றிப் பன்னிரண்டு நாள் விழா எடுக்கிறார்கள். மார்க்க ரீதியாக அதை ஏற்காதவர்களும் ஊரில் உண்டு. ஆனாலும் கடைத்தெரு நிரம்பிவிடும். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் தீமிதிப்புக்கும் அதே போல் சனம் திரளும்.

மே முதல் செப்டெம்பர் வரை வருவது உத்தமம். வெயில் கடுமைதான், கச்சான் காற்று முகத்தைச் சுடும். ஆனால் கடல் அமைதியாக இருக்கும், பாவுக்குப் போட்ட கஞ்சியும் சீக்கிரம் காயும். வாடை மழையில் வந்தால் தறிக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதைத்தான் பார்க்கலாம். வீதியோரம் சட்டியில் விற்கும் எருமைத் தயிரைச் சாப்பிட மறக்காதீர்கள்.

சாறன் வாங்குவதானால் புரட்டிப் பாருங்கள். நூலிலேயே சாயம் ஏறிய துணியில் கட்டம் இரு பக்கமும் ஒரே அழுத்தமாக இருக்கும். அச்சடித்ததில் பின்புறம் வெளிறியிருக்கும். கடையைவிட நெய்கிறவர் வீட்டிலேயே வாங்குங்கள், பேரமும் அதிகம் வேண்டாம். வெள்ளிக்கிழமை நண்பகலில் மட்டும் போகாதீர்கள். ஊரே ஜும்ஆவில் இருக்கும்.